பூட்டு அப்படியே இருந்தது

நகை திருடு போனது என்று சொன்னால் "ஐயோ" என்பார்கள். மோட்டார் சைக்கிள் காணாமல் போனால் "போலீஸ் ரிப்போர்ட் போட்டாச்சா?" என்று கேட்பார்கள். வீட்டில் வளர்த்த பறவைகளைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். முதலில் ஒரு சிரிப்பு வரும். பிறகு, "பறந்து போயிருக்கும்லா, நல்லா பாத்தீங்களா?" என்று ஒரு கேள்வி வரும். கடந்த தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எங்கள் வீட்டில் ஆறு பறவைகள் ஒரே இரவில் போயின. அந்தச் சிரிப்பை நான் வானொலி நிலையத்திலும் கேட்டேன், சொந்தக்காரர்கள் வீட்டிலும் கேட்டேன்.

எங்கள் வீடு கிள்ளானில், ஒரு தாமானின் மூலை வீடு. அப்பா துறைமுகத்தில் பளுதூக்கி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் உயரத்தில் உட்கார்ந்து கொள்கலன்களை இறக்கியவருக்கு, வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு தரையில் என்ன செய்வதென்று தெரியவில்லை. வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டடிக்கு எட்டடியில் ஒரு பறவைக் கூடம் கட்டினார். பாதிக் கூரை, பாதி திறந்த கம்பி வலை. "மழையில நனையணும்னு நினைக்கிற பறவை நனையட்டும்" என்பது அவருடைய கட்டட விதி. லவ் பேர்ட்ஸ் சில, காக்கட்டீல் சில என்று ஆரம்பித்துப் பதினான்கு வரை வந்திருந்தது. அம்மா அதைப் "பென்ஷன் பணத்துக்கு ஒரு ஓட்டை" என்பார்.

அதில் பாலு என்று ஓர் ஆண் காக்கட்டீல். பெயருக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. அதன் ஜோடிக்கு ஜானகி என்று பெயர் வைத்ததும் அப்பாதான். காக்கட்டீல் கிளியைப் போல அதிகம் பேசாது. ஆனால் ஆண் பறவை, கேட்ட மெட்டைச் சீழ்க்கையாகத் திருப்பிப் பாடும். அப்பா தினமும் காலையில் தீனி வைக்கப் போகும்போது ஒரு பழைய பாட்டின் முதலடியைச் சீழ்க்கை அடிப்பார். அவருக்கு முன்பல் ஒன்று இல்லை. அதனால் மூன்றாவது சுரம் காற்றாகப் போய்விடும். பாலுவும் அந்த மூன்றாவது சுரத்தை விட்டுவிட்டே பாடியது. மூன்றாவது இடத்தில் ஒரு சின்ன இடைவெளி, பிறகு தொடரும். ஊடகம் படித்து, ஒலியை வைத்துப் பிழைக்கிற எனக்கு அந்த இடைவெளி ரொம்பப் பிடிக்கும். ஒரு நாற்பது வினாடி கைப்பேசியில் பதிவு செய்து வைத்திருந்தேன்.

திருட்டு நடந்தது நல்ல மழை பெய்த ஒரு ராத்திரி. தகரக் கூரையில் மழை விழும்போது பக்கத்து அறையில் பேசுவதுகூடக் கேட்காது. நான் காலை நிகழ்ச்சிக்காக நாலரை மணிக்கு முன்வாசல் வழியாகக் கிளம்பிப் போனேன். அப்பா ஆறரைக்குப் பின்பக்கம் போயிருக்கிறார். சீழ்க்கை அடித்திருக்கிறார். பதில் வரவில்லை. அதன் பிறகு அவர் செய்ததை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கும். மகள் ஒலிபரப்பில் இருக்கிறாள், பதறிவிடக் கூடாது என்று பத்து மணி வரை என்னைக் கூப்பிடவில்லை. வெறுங்கூடத்துக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து என் நிகழ்ச்சியை முழுக்கக் கேட்டிருக்கிறார். நான் அன்றைக்குத் தீபாவளி முறுக்கைப் பற்றி நேயர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தபோது பூட்டு அப்படியே இருந்தது. நல்ல கனமான பூட்டு, பூட்டியபடியே தொங்கிக்கொண்டிருந்தது. பூட்டு மாட்டும் கொண்டித் தகட்டை மரச்சட்டத்தில் பிடித்திருந்த நான்கு திருகாணிகளையும் கழற்றி, தகட்டோடு பூட்டை ஒரு பக்கமாகத் தொங்கவிட்டுவிட்டு, கதவைத் திறந்து போயிருக்கிறார்கள். கையில் ஒரு ஸ்குரூ டிரைவர் இருந்தால் இரண்டு நிமிட வேலை. பின் சந்தில் சேற்றுக் காலடிகள், ஒரு கோணிப்பை, கொஞ்சம் சாம்பல் நிறச் சிறகுகள். அவ்வளவுதான் மிச்சம்.

இல்லை, இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. மூலையில் மாட்டியிருந்த மரப்பெட்டியை அவர்கள் திறந்து பார்க்கவில்லை. அதற்குள் பாலுவுக்கும் ஜானகிக்கும் பிறந்த இரண்டு குஞ்சுகள், இரண்டு வாரம்கூட ஆகாதவை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. காக்கட்டீல்கள் முறை வைத்து அடைகாக்கும் இனம். பகலில் பெரும்பாலும் ஆண் உட்காரும், இரவில் பெண். குஞ்சுகளுக்கு ஊட்டுவதும் இரண்டும்தான். ஒரே இரவில் இரண்டையும் கொண்டு போய்விட்டால் அந்தக் குஞ்சுகளுக்கு யாரும் இல்லை.

அன்று மதியமே அப்பா பறவைக்கடைக்குப் போய்க் குஞ்சுகளுக்கான மாவும் ஊசியில்லாத சிரிஞ்சும் வாங்கி வந்தார். மாவைத் தண்ணீரில் கரைத்து நாற்பது டிகிரிக்குப் பக்கத்தில் சூடாகக் கொடுக்க வேண்டும். அதைவிட அதிகமானால் இரைப்பை வெந்துவிடும், ஆறிப்போனால் செரிக்காமல் புளித்துவிடும். பென்ஷனுக்கு ஓட்டை என்று சொன்ன அம்மாதான், எனக்குப் பாலாடையில் மருந்து கொடுத்த அதே பொறுமையோடு இரவு பதினொரு மணி முறையை எடுத்துக்கொண்டார். விடியற்காலை நான்கு மணி என்னுடையது. ஒரு கையில் குஞ்சு, ஒரு கையில் சிரிஞ்சு, மேசையில் அன்றைய நிகழ்ச்சிக் குறிப்பு. இரண்டும் பிழைத்தன.

காவல் நிலையத்தில் எங்களை யாரும் கேலி செய்யவில்லை, அதைச் சொல்ல வேண்டும். புகார் எழுதியவர் இளைஞர். இரண்டே கேள்விகள் கேட்டார். ஒன்று, இவை உங்கள் பறவைகள்தான் என்பதற்கு என்ன அடையாளம்? இரண்டு, யார் மேலாவது சந்தேகம் உண்டா?

முதல் கேள்விக்கு அப்பா சட்டைப் பையிலிருந்து தம் 555 நோட்டை எடுத்தார். கடைக் கணக்கு எழுதுகிற அதே சின்ன நோட்டுதான். வீட்டில் பிறந்த பறவைகளின் கால் வளைய எண், பிறந்த தேதி, தாய், தகப்பன் எல்லாம் அதில் இருந்தன. பறவை வளர்க்கும் வாசகர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மூடிய வளையம் என்பது இணைப்பே இல்லாத முழு வட்டம். குஞ்சு சில நாட்களே ஆனதாக இருக்கும்போது, விரல்கள் மடங்குகிற வயதில்தான் அதைக் காலில் ஏற்ற முடியும். வளர்ந்த பிறகு போடவும் முடியாது, வெட்டாமல் கழற்றவும் முடியாது. ஆகவே ஒரு பறவையின் காலில் மூடிய வளையம் இருந்தால், அது குஞ்சாக இருந்தபோது யார் கையில் இருந்ததோ அவரிடம் கணக்கு இருக்கும். திருடர்கள் வளையத்தை வெட்டிவிடுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் வெட்டும்போது காலில் காயம் படலாம், வாங்க வருகிறவருக்குக் கேள்வி எழும். பெரிய கிளிகளுக்கு மார்புத் தசையில் மைக்ரோசிப் வைக்கலாம். பறவை மருத்துவர் செய்ய வேண்டிய வேலை அது. ஆண் பெண் தெரிந்துகொள்ள இறகு கொடுத்து டிஎன்ஏ பார்த்திருந்தால் அந்தச் சான்றிதழையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

போன ஆறில் நான்குக்கு எண் இருந்தது. ஜானகிக்கும் பாலுவுக்கும் இல்லை. இரண்டும் கடையில் வளர்ந்த பறவைகளாக வாங்கியவை. பாலுவுக்கு அடையாளம் என்று என் கைப்பேசியில் இருந்த நாற்பது வினாடிதான். போட்டுக் காட்டினேன். அந்த இளைஞர் முழுவதும் கேட்டுவிட்டு, "இதையும் எழுதிக்கிறேன்" என்று மலாயில் சொல்லி எழுதிக்கொண்டார்.

இரண்டாவது கேள்வியில்தான் வீட்டுக்குள் சண்டை வந்தது. திருட்டுக்கு ஒரு வாரம் முன்னால் அடுத்த லோரோங்கில் இருக்கும் ஒரு பையன், நம்ம பையன்தான், பின் சந்தில் நின்று நெடுநேரம் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அங்கிள், இது எவ்வளவு போகும்?" என்று கேட்டிருக்கிறான். தாமானில் எல்லாரும் அவன் பெயரைத்தான் சொன்னார்கள். சிலர் பக்கத்துக் கட்டுமானத் தளத்தின் அந்நியத் தொழிலாளர்களைச் சொன்னார்கள். எது நடந்தாலும் நம் ஊரில் முதலில் சொல்லப்படுகிறவர்கள் அவர்கள்தானே. அப்பா காவல் நிலையத்தில் யார் பெயரையும் சொல்லவில்லை.

"அவன் கேட்டது உண்மைதானேப்பா, அதையாவது சொல்லலாமே?" என்றேன்.

"விலை கேட்டவனெல்லாம் திருடன்னா, போன மாசம் நம்ம வீட்டு சமயலறைய வந்து பாத்துட்டு டைல்ஸ் என்ன விலைன்னு கேட்டாளே உன் அத்தை, அவளையும் சேத்து எழுதச் சொல்லவா?"

அவர் சிரிக்கவில்லை. "கண்ணால பாக்காதத எழுதிக் கொடுத்தா, நாளைக்கு வேலைக்குப் போற எடத்துல அவனுக்கு அது வந்து நிக்கும்மா. பறவை திரும்பி வந்தாலும் அது போகாது" என்றார். எனக்கு இதில் முழு உடன்பாடு கிடையாது. பெயரைக் குற்றச்சாட்டாகச் சொல்லாமல், நடந்ததை நடந்தபடி சொல்வதில் தவறில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். விசாரிப்பது அவர்கள் வேலை. ஆனால் புகார்தாரர் அப்பா. அந்தப் பையன் இப்போதும் அந்தச் சந்து வழியாகப் போகிறான். அப்பா தலையசைக்கிறார். நான் அவன் கைகளைப் பார்க்கிறேன்.

அதன் பிறகு கூடத்தைப் பலப்படுத்துகிற வேலை. இதில் அப்பா துறைமுகத்துக்காரராக மாறிவிட்டார். கொண்டித் தகட்டுத் திருகாணிகளை எல்லாம் எடுத்துவிட்டு, வெளிப்பக்கம் மொழுக்கென்று உருண்டைத் தலை இருக்கும் போல்ட்டுகளைச் சட்டத்தின் ஊடே செலுத்தி, நட்டை உள்பக்கம் முடுக்கினார். வெளியிலிருந்து பிடித்துத் திருக எதுவும் இல்லை. கீலுக்கும் அதே வைத்தியம். எவ்வளவு பெரிய பூட்டு போட்டாலும் கீலின் அச்சாணியைத் தட்டி உருவிவிட்டால் கதவு மறுபக்கமாகத் திறந்துகொள்ளும். கோழிக் கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பற்றவைத்த சதுர வலை போட்டோம். கோழிக் கம்பி பறவையை உள்ளே வைக்கும், ஆனால் குறடு வைத்திருப்பவனை வெளியே வைக்காது. புது வலையில் பூசியிருக்கும் துத்தநாகத்தைக் கிளி இனங்கள் கடித்துக் கடித்து விழுங்கினால் விஷமாகும். அதனால் மாட்டுவதற்கு முன் இரண்டு நாள் வினிகர் போட்டுத் தேய்த்துக் கழுவினோம். அம்மாவின் ஊறுகாய் வினிகர் மொத்தமும் காலி.

கதவுக்கு முன்னால் ஆள் ஒருவர் நிற்கும் அளவுக்கு ஒரு சின்ன அறை கட்டி, இரண்டாவது கதவு வைத்தோம். முதல் கதவை மூடிவிட்டுத்தான் இரண்டாவதைத் திறக்க வேண்டும். இது பறவை தப்பாமல் இருக்கப் பழைய காலத்திலிருந்தே செய்வது. திருடனுக்கும் வேலை இரட்டிப்பாகும். சந்துப் பக்கம் முழுவதும் ஆளுயரத்துக்குத் தகரம் அடித்துக் கூடம் கண்ணில் படாமல் செய்தார் அப்பா. வேலியோரம் காகிதப்பூச் செடி நட்டார். அழகுக்காகத்தான் என்று அம்மாவிடம் சொன்னார். அதன் முள் அழகுக்கு அல்ல.

கேமரா பொருத்த வந்தவர் ஒரு யோசனை சொன்னார். ஆள் நடமாட்டம் தெரிந்ததும் பளீரென்று எரியும் விளக்கைக் கூடத்துக்கு நேராக மாட்டலாம், கூடவே ஊரைக் கூட்டும் சங்கொலியும் வைக்கலாம் என்றார். கேட்பதற்கு நல்ல யோசனைதான். அப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டார். காக்கட்டீல்களுக்கு இரவுப் பீதி என்று ஒன்று உண்டு. இருட்டில் திடீர் வெளிச்சமோ சத்தமோ வந்தால் கண்மண் தெரியாமல் எழும்பிப் பறந்து, கம்பியில் மோதி, சிறகை உடைத்துக்கொள்ளும். ஒரு பூனை நடந்து போனாலும் அந்த விளக்கு எரியும். திருடன் வருவதற்கு முன் நம் விளக்கே பறவைகளைக் கொன்றுவிடும். கடைசியில் விளக்கைச் சந்தைப் பார்த்துத் திருப்பி மாட்டினோம். கூடத்துக்குள் இரவு முழுவதும் மங்கலாக ஒரு சின்ன விளக்கு எரிகிறது. கதவில் வைத்த உணர்கருவி திறந்தால், மணி வெளியே அடிக்காது, அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் அடிக்கும். இரண்டு முறை அடித்திருக்கிறது. இரண்டு முறையும் அம்மா, வினிகர் பாட்டிலைத் தேடிப் போனவர்.

இதெல்லாம் இருந்தும், பக்கத்து வீட்டு மக்சிக்கின் கண்தான் நல்ல காவல் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் விடியற்காலைத் தொழுகைக்கு எழும்போது பின் சன்னலைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிடுகிறார். 1975இல் தொடங்கிய ருக்குன் தெத்தாங்கா எங்கள் தாமானில் பெயருக்குத்தான் இருந்தது. இப்போது புலனக் குழு ஒன்றில் உயிர் வந்திருக்கிறது. சந்தில் தெரியாத வேன் நின்றால் படம் வருகிறது. சில நாள் அது காய்கறிக்காரர் வேனாக இருக்கும், எல்லாரும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

பறவைத் திருட்டு எங்களோடு நிற்கிற விஷயம் இல்லை என்பது விசாரிக்கத் தொடங்கிய பிறகு புரிந்தது. நல்ல குரலுள்ள மெர்போக் புறாவும், நாம் சோலைபாடி என்றும் மலாய்க்காரர்கள் முராய் பத்து என்றும் சொல்லும் பறவையும் ஆயிரக்கணக்கான ரிங்கிட்டுக்குக் கைமாறுகின்றன. பாட்டுக்கே விலை. வீட்டுக் கூண்டில் திருடுவதற்கு முன்பே காட்டில் திருட்டு நடந்துவிடுகிறது. பாராவ் பாராவ் எனப்படும் வைக்கோல் தலைக் கொண்டைக்குருவி நம் ஆற்றங்கரைகளிலிருந்து பெருமளவில் பிடிபட்டே அழிந்துகொண்டிருக்கிறது. 2018இல் அது மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் நடந்த சைட்டிஸ் மாநாட்டில் அதன் வாணிபத்துக்குக் கடுமையான தடை வந்தது. சோலைபாடியும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தது. தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட பறவையை வைத்திருக்க பெர்ஹிலித்தான் உரிமம் வேண்டும். திருட்டுக்குத் தண்டனைச் சட்டத்தின் 379ஆவது பிரிவில் ஏழாண்டு வரை சிறை உண்டு. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவதற்கு 411 என்று தனிப் பிரிவு இருக்கிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று வளையம் வெட்டிய, காகிதம் இல்லாத பறவையை வாங்குகிறவர்தான், என்னைக் கேட்டால், இந்த வியாபாரத்தின் முதலாளி.

திருட்டு நடந்து மூன்றாவது வாரம், சிரம்பானில் இருக்கும் என் சித்தி மகன் முகநூல் குழு ஒன்றில் வந்த காணொளியை அனுப்பினான். பதினைந்து வினாடி. நீலப் பிளாஸ்டிக் கூண்டு, பின்னால் வெறும் சுவர், உள்ளே ஒரு சாம்பல் காக்கட்டீல். சாம்பல் காக்கட்டீல் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் ஒன்பதாவது வினாடியில் அது சீழ்க்கை அடித்தது. ஒன்று, இரண்டு, ஓர் இடைவெளி, நான்கு.

நிலையத்தில் ஒலித்தொகுப்பு மென்பொருளில் இரண்டு பதிவுகளையும் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தேன். இடைவெளி அதே நீளம். உடனே போய் வாங்குகிற மாதிரி நடிக்கலாம் என்று நண்பர்கள் தயாரானார்கள். அப்பா விடவில்லை, நானும் விரும்பவில்லை. முன்பின் தெரியாத விற்பனையாளரை நாமாகத் தேடிப் போவது, ஒரு பறவைக்காக ஓர் உயிரை வைத்து விளையாடுவது. காணொளியைச் சேமித்து, விளம்பரப் பக்கத்தைப் படம் எடுத்து, புகார் எண்ணோடு காவல் நிலையத்தில் கொடுத்தோம். அன்று மாலைக்குள் விளம்பரம் காணாமல் போனது. விற்றுப் போயிருக்கலாம், பயந்து எடுத்திருக்கலாம். கணக்கும் மூடப்பட்டுவிட்டது. புகார் இன்னும் திறந்தே இருக்கிறது என்றுதான் கேட்கும்போதெல்லாம் சொல்கிறார்கள்.

குஞ்சுகள் இரண்டும் இப்போது பெரியவை. கையில் வளர்ந்ததால் ஆளைக் கண்டால் தோளுக்கு வந்துவிடும். ஊட்டத் தொடங்கிய வாரத்திலேயே இரண்டுக்கும் மூடிய வளையம் போட்டு, எண்களை 555 நோட்டில் எழுதி, அந்தப் பக்கத்தை நான் படமெடுத்தும் வைத்திருக்கிறேன். ஒன்று ஆண் என்று தெரிகிறது. சில வாரங்களாகக் காலையில் அப்பாவுக்குப் பதில் சொல்லப் பழகுகிறது. இப்போதைக்கு இரண்டு சுரம் வரை வந்திருக்கிறது.

போன மாதம் அப்பாவுக்குக் கீழ்ப்பல் ஒன்று வலித்தது. அதைப் பார்க்கப் போகும்போது, அந்த முன்பல்லையும் கட்டிவிடலாம் என்று பல் மருத்துவர் சொன்னார். அம்மாவுக்கு ஏக சந்தோஷம், அடுத்த கல்யாணப் படத்திலாவது வாயைத் திறந்து சிரிக்கலாமே என்று. இரண்டு முறை தேதி வாங்கிவிட்டார். அப்பா இரண்டையும் தள்ளிப் போட்டிருக்கிறார்.